பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்கியபோது ஒருமுறை, திருமணத்துக்கு முன் ஒருமுறை, அதோடு சரி. இப்படி இருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கினால் உள்ளுக்குள் ஏதோ அரிக்கும். புனித வாரம் நெருங்க நெருங்க அது கூடும். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடங்கிவிடும். அப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கும், கத்தோலிக்க விசுவாசத்துக்குள் புதிதாக வருகிறவர்களுக்கும், இந்த வருடமாவது செய்து முடிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை எழுதுகிறேன்.

பலரும் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாவமன்னிப்பு என்றால் பாஸ்காவுக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு) முன் முடித்துவிட வேண்டிய ஆயத்த வேலை, அதை முடிக்காதவருக்குத் திருவிழாவில் இடமில்லை என்ற எண்ணம். யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உயிர்த்த அன்று மாலையே, பயந்து கதவுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த சீடர்கள் நடுவில் இயேசு வந்து நிற்கிறார். மூன்று நாளுக்கு முன் அவரை விட்டு ஓடியவர்கள் அவர்கள். "ஏன் ஓடினீர்கள்?" என்று ஒரு கேள்வி இல்லை. அமைதி உரித்தாகுக என்கிறார், கைகளையும் விலாவையும் காட்டுகிறார், அவர்கள்மேல் ஊதுகிறார். "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்" என்கிறார். தாம் உயிர்த்த நாளிலேயே அவர் அவர்கள் கையில் கொடுத்தது இந்த அதிகாரம். பாவமன்னிப்பு உயிர்ப்பிலிருந்து வருகிறது. அதனால் பெரிய வெள்ளிக்குள் முடியவில்லையே என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நிலைமை எது?

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) இன்னும் பெறாதவர் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) நீங்கள் பெறப்போகும் திருமுழுக்கே முன்செய்த எல்லாப் பாவங்களையும் மன்னிக்கிறது. வேறொரு திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று இப்போது கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைகிறவர், இணைவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வார். எப்போது என்பதைப் பங்குத்தந்தை சொல்வார்.

கத்தோலிக்கராகவே பிறந்து வளர்ந்து விலகிப்போனவருக்கு வழி நேரானது. குருவிடம் போக வேண்டும், அவ்வளவுதான். கடிதமோ யாருடைய சிபாரிசோ தேவையில்லை. திருமண விஷயத்தில் சிக்கல் உள்ளவர்கள் மட்டும் (கோயிலில் திருமணம் ஆகாதவர்கள், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்கள்) முன்கூட்டியே ஒரு குருவிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் தீர்கிற காரியம் அல்ல அது. "எனக்கு வழியே இல்லை" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

எப்போது போவது

திருச்சபைச் சட்டப்படி, சாவான பாவம் (கனமான பாவம்) உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். 1215-இல் நடந்த நான்காம் இலாத்தரன் சங்கம் (ஆயர்கள் கூடிய பொது மன்றம்) வகுத்த ஒழுங்கு இது. பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்ற கடமையும் அதோடு சேர்ந்தே வந்தது.

தவக்காலத்தின் தொடக்க வாரங்களே வசதி. குருவுக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் அவசரம் இருக்காது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனியில் "ஆண்டவருக்காக 24 மணி நேரம்" என்று பல மறைமாவட்டங்களில் கோயில்களைத் திறந்துவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் தொடங்கிவைத்தது. பங்குகளில் பொது ஒப்புரவு வழிபாடும் இருக்கும். அதில் வாசகமும் செபமும் எல்லோருக்கும் பொது, பாவத்தைச் சொல்வது தனித்தனியே குருவிடம்.

புனித வாரம்வரை இழுத்துவிட்டீர்களா? பெரிய வெள்ளியன்றும் புனித சனியன்று பகலிலும் திருப்பலி கிடையாது. ஆனால் பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) அந்த நாட்களிலும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. வரிசை மட்டும் நீளமாக இருக்கும். நீண்ட காலம் விலகியிருந்தவர் அந்த வரிசையில் நிற்பதைவிட, முன்பே ஃபாதரை அழைத்து "ரொம்ப வருடமாகிவிட்டது ஃபாதர், கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று கேட்டுவிடுவது நல்லது. அந்த வார்த்தையைக் கேட்டு எரிச்சல்படும் குருக்கள் குறைவு. அவர்கள் காத்திருப்பதே இப்படிப்பட்ட அழைப்புக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஆன்ம சோதனை

மறைக்கல்வி வகுப்பில் படித்த ஐந்து காரியங்கள் நினைவிருக்கலாம்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, அபராதம் (குரு கொடுக்கும் பரிகாரச் செயல்) தீர்ப்பது. இந்த வரிசை இன்றைக்கும் அப்படியே பொருந்தும். தடுமாற்றம் முதல் காரியத்தில்தான் வரும்.

அரைமணி நேரம் தனியாக உட்காருங்கள். தூய ஆவியாரிடம் வெளிச்சம் கேளுங்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பழைய வழி, நல்ல வழி. அதோடு மத்தேயு 25-இல் வருகிற கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: பசித்திருந்தவர், தாகமாயிருந்தவர், அந்நியர், நோயாளி, சிறையிலிருந்தவர். நாம் செய்த பாவம் சட்டென்று ஞாபகம் வரும்; செய்யாமல் விட்டது வராது. படுத்த படுக்கையாய் இருக்கும் தாயிடம் நாலு வார்த்தை பேசாமல் மாதக்கணக்கில் கழித்ததைக் கட்டளைப் பட்டியலில் தேடினால் கண்ணில் படாமலே போகலாம்.

எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்ற கேள்வி வரும். மூன்றும் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது பாவம் என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், மனப்பூர்வமாகச் சம்மதித்துச் செய்திருக்க வேண்டும். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும். இருபது வருடக் கணக்கை எப்படி எண்ணுவது? "வாரத்துக்கு இத்தனை தடவை", "அந்தச் சில வருடங்கள் முழுக்க" என்று சொன்னாலே போதும். உண்மையாகவே மறந்துபோன பாவமும் மன்னிப்பில் அடங்கும். பின்னால் ஞாபகம் வந்தால் அடுத்த முறை சொல்லுங்கள். தெரிந்தே ஒரு கனமான பாவத்தை மறைத்தால் மட்டும் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. எதைச் சொல்ல நாக்கு எழவில்லையோ, அதை முதலில் சொல்லிவிடுங்கள். மற்றது தானாக வரும்.

ஞாபகத்துக்கு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகலாம். முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பயம் பெரும்பாலும் நடைமுறை தெரியாததால் வருவது. மரத்தட்டி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுச் சொல்லலாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்தும் சொல்லலாம். தட்டிக்கு அப்புறமிருந்து சொல்ல விரும்பினால் அது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

சிலுவை அடையாளம் போடுங்கள். "பாவியான என்னை ஆசீர்வதியுங்கள் ஃபாதர். நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஏறக்குறைய இத்தனை வருடம் ஆகிறது" என்று தொடங்குங்கள். வாசகம் மறந்துவிட்டால், "எப்படிச் செய்வதென்று மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்றால் போதும். அவரே கேள்வி கேட்டுக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போவார்.

பிறகு பாவங்களைச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு பேச்சுமுறையைக் காட்டுகிறேன். "ஃபாதர், என் தம்பி சொத்து விஷயத்தில் ரொம்ப மோசமாக நடந்துகொண்டான், அவன் மனைவிதான் எல்லாவற்றுக்கும் காரணம், யாராக இருந்தாலும் கோபம் வரத்தானே செய்யும்..." இது தம்பியின் பாவசங்கீர்த்தனம். "என் தம்பியோடு ஐந்து வருடமாகப் பேசவில்லை. அவன் அழைத்தபோது வேண்டுமென்றே எடுக்கவில்லை. அவனைப் பற்றி உறவினர்களிடம் இல்லாததும் சொன்னேன்." இது உங்களுடையது. கதை வேண்டாம், சாட்சி வேண்டாம், அடுத்தவர் பெயரும் வேண்டாம். பட்டும் படாமலும் சொல்லி நழுவுவதும் வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், குரு காத்திருப்பார்.

நீங்கள் சொன்னதை அவர் யாரிடமும், எந்த நிலையிலும், உயிரே போனாலும் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே தாமாகவே திருச்சபை விலக்குக்கு உள்ளாகிறார் என்கிறது சட்டம். அடுத்த நாள் வழியில் பார்த்தால் உங்களிடமே அவர் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

சில வார்த்தை புத்தி சொல்வார், அபராதம் கொடுப்பார், மனத்துயர் செபம் சொல்லச் சொல்வார். வீட்டுப் பெரியவர்கள் உத்தம மனஸ்தாப மந்திரம் என்பார்களே, அதுதான். மனப்பாடம் இல்லையென்றால் "ஆண்டவரே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்று மனதார உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.

அதன்பின் குரு கையை நீட்டிப் பாவமன்னிப்பு வாசகம் சொல்வார். அந்த நேரத்தில் அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிராமல் காதைக் கொடுங்கள். இரக்கம் நிறைந்த தந்தையாகிய இறைவன் தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்ற பொருளில்தான் அந்தச் செபம் தொடங்குகிறது. பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. இரண்டு ஆயிரம் வருடத்துக்கு முன் நடந்தது உங்கள் பெயரில், உங்கள் தலைக்கு மேல், இப்போது நடக்கிறது. "ஆமென்" என்று சொல்லுங்கள்.

அபராதமும் ஈடும்

கொடுத்த அபராதத்தை அன்றே, கோயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஐந்து வருடப் பகைக்கு மூன்று அருள் நிறை மந்திரமா என்று சிலருக்கு நெருடும். மன்னிப்புக்கு நாம் கொடுக்கும் விலை அல்ல அது. விலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆனால் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரைச் சரிசெய்வது என்று ஈடு செய்யும் கடமை தனியாக நிற்கும். பாவமன்னிப்பு பெற்றாயிற்று என்று அடுத்தவன் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பது

வந்த வழியிலேயே பலர் திரும்பிப்போவது இந்த இடத்தில்தான். "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல" என்று தினமும் சொல்கிறோம், ஒரு முகம் மட்டும் கண்முன் வந்து நிற்கிறது.

மத்தேயு 18-இல் வருகிற உவமையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அரசர் தம் பணியாளன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி; எத்தனை பிறவி எடுத்தாலும் அடைக்க முடியாத கடன். அந்தப் பணியாளன் தன் உடன்பணியாளனின் கழுத்தைப் பிடித்தது 100 தெனாரியத்துக்கு. பிரசங்கங்களில் இந்த நூறை "அற்பத் தொகை" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நூறு நாள் கூலி ஒரு கூலிக்காரனுக்கு அற்பமா? மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் அடுப்பெரிகிற காசு. உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன், நிஜமான இழப்பு. அதைவிடப் பெரியது உங்களுக்குத் தள்ளுபடி ஆகியிருக்கிறது என்கிறார்.

ஆகவே மன்னிப்பதன் முதல் படி, நடந்ததை நடந்தபடி கடவுளிடம் சொல்வது. "பரவாயில்லை, போகட்டும்" என்று மூடிவைத்தது மன்னிப்பு ஆகாது. "இவர் எனக்கு இதைச் செய்தார், இன்னும் வலிக்கிறது" என்று செபத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது ஒரு தீர்மானம்: இவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று இனி நான் விரும்பமாட்டேன். உணர்ச்சி இதற்குப் பின்னால் மெதுவாக வரும். சிலருக்குப் பல வருடம் ஆகும். கோபம் இன்னும் வருகிறதே, அப்படியானால் நான் மன்னிக்கவில்லையா என்று கலங்குகிறவர்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2843-ஆம் எண்ணைப் படியுங்கள். ஒரு தீங்கை உணராமலிருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை என்று திருச்சபையே ஒத்துக்கொள்கிறது. தூய ஆவியாரிடம் தன்னைக் கையளிக்கும் உள்ளம் அந்தக் காயத்தையே இரக்கமாக மாற்றுகிறது என்று தொடர்கிறது அந்தப் பகுதி.

மூன்றாவது, அந்த மனிதரைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்து தினம் ஒரு கர்த்தர் கற்பித்த செபம். பாஸ்கா காலம் 50 நாள். அதன் கடைசி நாளான பெந்தக்கோஸ்துவரை இதைச் செய்து பாருங்கள். தொடக்கத்தில் வார்த்தை தொண்டையில் சிக்கும். சிலுவையில் இயேசுகூட "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லாமல் "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று தந்தையிடம் ஒப்படைத்தார் என்பது அந்த நேரத்தில் பெரிய ஆறுதல். உங்களால் இன்று முடியாததை நீங்களும் அப்படி ஒப்படைக்கலாம்.

மன்னித்தால் பழையபடி உறவாட வேண்டும், நீதியைக் கைவிட வேண்டும் என்று நினைத்து மிரளுகிறவர்களுக்கு ஒன்று. 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் மெஹ்மத் அலி அக்சா திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைச் சுட்டார். நான்கே நாளில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து திருத்தந்தை அவரை மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று சிறை அறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அக்சா 2000-ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம், இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. உங்களை அடித்தவரிடம், சீண்டியவரிடம், ஏமாற்றியவரிடம் மறுபடி போய் மாட்டிக்கொள்ளச் சொல்லும் போதனை கத்தோலிக்க விசுவாசத்தில் இல்லை. புகார் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். விலகியிருக்க வேண்டியவரிடமிருந்து விலகியே இருங்கள். உறவு மீண்டும் துளிர்க்க இரண்டு பேரும் வேண்டும்; மன்னிக்க நீங்கள் ஒருவர் போதும்.

தவறு உங்கள் பக்கம் என்றால் மத்தேயு 5:23-24 நேரடியாகப் பேசுகிறது: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" வேண்டாம். "உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்" என்பதும் வேண்டாம். "நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு" என்பதோடு நிறுத்துங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. அவருக்கும் நேரம் வேண்டும்.

நம்பிக்கையே ஆட்டம் கண்டிருந்தால்

"எனக்கு உயிர்ப்பிலேயே சந்தேகம், இந்த லட்சணத்தில் பாவசங்கீர்த்தனமா?" என்று கேட்பவர்கள் உண்டு. போங்கள். சந்தேகத்தையும் சேர்த்தே குருவிடம் சொல்லுங்கள்.

பாஸ்காவின் இரண்டாம் ஞாயிறு, போலந்து அருட்சகோதரி பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த 2000 ஏப்ரல் 30 அன்று இரண்டாம் ஜான் பால் இறை இரக்க ஞாயிறாக அறிவித்த நாள். ஒவ்வொரு வருடமும் அன்று வாசிப்பது நாம் முன்பு பார்த்த அதே யோவான் 20-தான், தோமாவின் நிகழ்ச்சி உட்பட. பாவமன்னிப்பு அதிகாரமும் தோமாவின் சந்தேகமும் ஒரே வாசகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. தோமா சொன்னது கொஞ்சம் கடுமையான பேச்சு: காயத்தில் விரலை விடாமல் நம்பமாட்டேன். அப்படிச் சொன்னவர் எட்டு நாள் கழித்தும் அந்தச் சீடர்களோடுதான் இருந்தார். அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. இயேசு வந்து அவரிடம் நீட்டியது ஆறாத, மறையாத அந்தத் தழும்புகளைத்தான். நம்ப முடியாத நாட்களிலும் ஞாயிறு திருப்பலிக்குப் போய் உட்காருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தனியாக அறையில் இருந்துகொண்டு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்றால், வரவே முடியாமல் போகும்.

பேதுருவின் கதையையும் ஒருமுறை படியுங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மூன்று தடவை மறுதலித்தார். யோவான் 21-இல் இயேசு கடற்கரையில் மறுபடி கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிட வைத்து, அதன்பிறகே "என்னை அன்பு செய்கிறாயா?" என்று மூன்று தடவை கேட்டார். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கேள்வி.

திருவிழிப்பு இரவில் கையில் மெழுகுதிரியோடு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, குரு கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனம் முடித்திருந்தால் நற்கருணை வாங்கலாம்; வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் சாப்பிடாதீர்கள்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தை அடுத்த தவக்காலத்துக்குத் தள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை என்பது நல்ல பழக்கம். அதே பாவத்தில் மறுபடி விழுந்துவிட்டால் வெட்கப்பட்டு நின்றுவிட வேண்டாம். திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் 2013 மார்ச் 17 அன்று தம் முதல் மூவேளைச் செப உரையில் பிரான்சிஸ் சொன்னார்: மன்னிப்பதில் கடவுள் சோர்ந்துபோவதில்லை, மன்னிப்புக் கேட்பதில் நாம்தான் சோர்ந்துபோகிறோம். முதல் தடவை போன குரு சிடுசிடுவென்று பேசிவிட்டால்கூட அந்தப் பாவமன்னிப்பு செல்லும். அடுத்த முறைக்கு வேறொரு குருவிடம் போங்கள், அதில் தவறில்லை. வாங்கி வந்த பங்கு நாட்காட்டியில் பெந்தக்கோஸ்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையை இப்போதே குறித்துவிடுங்கள்.